இருங்க, முடிச்சிடுறேன்

இல்ல சார், ஜன்னல் சீட்ல நீங்களே உக்காருங்க. எனக்கு இந்த ஓரம் போதும். காத்து மூஞ்சியில அடிச்சா இன்னும் சூடாவுது. சூடுன்னா ஜுரம் இல்ல, கோவம். சனிக்கிழமையிலேருந்து இந்தக் கோவத்தோடதான் சோறு திங்குறேன், கோவத்தோடதான் படுக்குறேன். நீங்க எதுவரைக்கும்? திருச்சிதானே? கையில பைல் வச்சிருக்கீங்க, பாத்தாலே தெரியுது, கலெக்டர் ஆபீஸ் வேலையா இருக்கும். நானும் திருச்சிதான். ஏம்ப்பா கண்டக்டர், ரெண்டு திருச்சி குடு. இருக்கட்டும் சார், கைய மடக்குங்க. ஒரு டிக்கெட்டுல என்ன வந்துடப் போவுது. அட, விடுங்க சார்.

நான் எதுக்குப் போறேன்னா, என் பொண்டாட்டி திருச்சியில ஒரு காலேஜ்ல பி.எட். படிக்கிறா, தெனம் பஸ்ல போயிட்டு வர்றா. சிஸ்டருங்க நடத்துற காலேஜ். அங்க பிரின்சிபால் மதரப் பாத்து, என் சம்சாரத்த நான் வெளிநாட்டுக்கு அனுப்பறதா இல்ல, சம்மதம்னு போட்ட கையெழுத்தத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கப் போறேன். கடையச் சாத்திட்டு வந்திருக்கேன் சார். புதன்கிழமை அதுவுமா ஒரு வியாபாரி கடையச் சாத்துறான்னா அவன் எந்த அளவுக்கு நொந்து போயிருப்பான்னு பாத்துக்குங்க.

எந்த நாடுன்னு கேக்க வர்றீங்க. ஈக்வடார். நானும் மேப்புல தேடித்தான் கண்டுபிடிச்சேன். தென் அமெரிக்காவுல ஒரு மூலையில, மலை மேல இருக்கு. அங்க எல்லாரும் பேசறது ஸ்பானிஷ். இந்த சிஸ்டருங்களோட சபைக்கு அங்க ஒரு சின்ன ஊர்ல ஒரு ஸ்கூல் இருக்காம். பி.எட். படிக்கிறவங்க ஸ்கூலுக்குப் போயி டீச்சிங் பிராக்டிஸ் பண்ணணும்ல, அத ரெண்டு மாசம் அங்க போயி பண்ணலாம்னு ஒரு திட்டம் போட்டாங்க. காலேஜுல ரெண்டே பேருக்குத்தான் எடம். அதுல ஒண்ணு என் பொண்டாட்டி மங்கையர்க்கரசி. வீட்ல மங்கைன்னு கூப்பிடுவோம். கல்யாணத்துக்கு முன்னாடியே கணக்குல எம்.எஸ்சி. முடிச்சவ. பொண்ணு வதனி நாலாங்கிளாஸ் போனப்புறம், சும்மாதானே இருக்கே, பி.எட். சேந்துடுன்னு சொன்னதே நான்தான். அவ வாயத் தொறந்து கேக்கல சார். நானாச் சொன்னேன். இந்த ஜில்லாவுல எந்தப் புருஷன் சொல்லுவான், சொல்லுங்க. யாரும் சொல்ல மாட்டான்.

நமக்குத் தொழில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ். புதுக்கோட்டை கீழராஜ வீதியில கடை. நம்ம கடையில ஒரு விசேஷம் என்னன்னா, கஸ்டமர் வாயத் தொறக்கிறதுக்குள்ள பொருள் கைக்கு வந்துடும். அவன் வண்டிய உருட்டிட்டு வர்ற தோரணையப் பாத்தே செயினா, கிளட்ச் வயரா, பிளக்கான்னு நான் சொல்லிடுவேன். அண்ணே, ஒரு கிளட்ச்னு ஆரம்பிச்சான்னா அதுக்குள்ள கேபிள எடுத்து மேஜை மேல போட்டிருப்பேன். மெக்கானிக்குங்க எல்லாம் நம்ம கடைக்குத்தான் வருவானுங்க. வளவளன்னு பேச வேண்டியதில்ல, நேரம் மிச்சம். அந்தக் கெட்டிக்காரத்தனத்துலதான் சார் ரெண்டு மாடி வீடு கட்டினேன்.

வீட்லயும் அப்படித்தான் இருப்பேன். யாரையும் தவிக்க விட மாட்டேன். இந்த ஈக்வடார் விஷயத்தையே எடுத்துக்குங்க. ஒருநாள் அவ வந்து, என்னங்க, காலேஜுல ஒரு அப்படின்னு ஆரம்பிச்சா. டூர்தானே, தாராளமா போயிட்டு வான்னு சொல்லிட்டேன். மறுநாள், அது டூர் இல்லைங்கன்னு ஆரம்பிச்சா. சரி, கேம்ப்பா, போர்வை எடுத்துக்கோன்னேன். நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் ஈக்வடார்னே தெரிஞ்சுது. அதையும் அவ சொல்லல, வதனி சொன்னா. அப்பக்கூட நான் ஒரு வார்த்த மறுத்துப் பேசல சார். பொண்ண யாரு பாத்துப்பான்னு அவ கேக்குறதுக்குள்ள காரைக்குடியில இருக்கிற எங்க அக்காவுக்கு போன் போட்டு, ரெண்டு மாசம் வந்து இருன்னு சொல்லிட்டேன். பாஸ்போர்ட்டுக்கு நானே கூட்டிட்டுப் போனேன். மலைப்பிரதேசம், குளிரும்னு ஸ்வெட்டர் நானே வாங்கினேன். கலர் கூட நானே எடுத்தேன், மெரூன். அவளுக்கு அதுதான் எடுக்கும்.

தண்ணியா சார்? இந்தாங்க, குடிங்க. வேண்டாமா? வேற ஏதோ சொல்ல வந்தீங்க போல. இருங்க, இத முடிச்சிடுறேன்.

போறதுக்கு முன்னாடி ஸ்பானிஷ் படிக்கணும்னு சொல்லிட்டாங்க. ஆக்னஸ்னு ஒரு சிஸ்டர், அந்த நாட்டுல பல வருஷம் இருந்தவங்க, போன்ல வீடியோ கிளாஸ் எடுத்தாங்க. சனி, ஞாயிறு. நானும் பக்கத்துல ஒரு சேரப் போட்டு உக்காந்துட்டேன். தெரியாத பாஷை, தனியா கஷ்டப்படுவாளேன்னுதான். படிக்கப் படிக்க எனக்கு நல்லாவே பிடிச்சுப் போச்சு சார். கடையில காதுல மாட்டிக்கிட்டுக் கேப்பேன். பிரேக்குக்கு ஃப்ரெனோ. பிளக்குக்கு புஹியா. இந்த வார்த்தையெல்லாம் அந்த சிஸ்டருக்கே தெரியாது, நான் சொல்லிக் குடுத்தேன். இப்ப ஸ்பானிஷ்ல யாரு என்ன பேசினாலும் எனக்குப் புரியும். அதுதான் சார் நான் பண்ண பெரிய தப்பு. படிக்காம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்.

சிஸ்டர் இவளக் கேப்பாங்க, உன் வீட்டு சமையக்கட்டுல என்னென்ன இருக்குன்னு. இவ கூரையப் பாப்பா. எனக்கு ஒடம்பெல்லாம் அரிக்கும். அடுப்பு, பானை, கத்தி, வெங்காயம்னு நான் சொல்லிடுவேன். பதில் சரியா தப்பா? சரி. அப்புறம் என்ன? பாராட்ட வேண்டாமா? ஒருநாள் அந்த சிஸ்டர் ரொம்பப் பணிவா, சார், உங்க ஸ்பானிஷ் நல்லா இருக்கு, ஆனா ஈக்வடாருக்கு நீங்க போகலையேன்னாங்க. அடுத்த வாரத்துலேருந்து போன் கிளாஸ நிறுத்திட்டு, நேர்ல காலேஜுக்கு வரச் சொல்லிட்டாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? ஆம்பள வரக்கூடாதுன்னு. சேரப் போட்டு உக்காந்தது குத்தமாப் போச்சு.

அப்புறம் வீட்ல பாடம் நடத்திப் பாக்கறதுன்னு ஒண்ணு. நானும் வதனியும் தரையில பசங்க மாதிரி உக்காரணும், இவ நின்னு ஸ்பானிஷ்ல கணக்கு எடுக்கணும். பின்னம். வட்டமா ஒரு காகிதத்த வெட்டி, ரெண்டா மடிச்சு, மறுபடி மடிச்சு, இப்ப இது முழுசுல எத்தனை பங்குன்னு கேட்டா. கேட்டுட்டுப் பேசாம நிக்கிறா. நின்னுக்கிட்டே இருக்கா. ஒரு வாத்தியாரு கேள்வி கேட்டா, ம், சொல்லு, சீக்கிரம்னு அதட்ட வேண்டாமா? இவ செலை மாதிரி நிக்கிறா. எனக்குத் தாங்கல, கால்னு சொல்லிட்டேன். வதனி மொறைக்கிறா, நான் சொல்றதுக்குள்ள நீ சொல்லிட்டேப்பான்னு. இவ என்ன சொல்றா தெரியுமா? கேள்வி கேட்டா மனசுக்குள்ள பத்து எண்ணிட்டுக் காத்திருக்கணுமாம், சிஸ்டர் சொல்லிக் குடுத்திருக்காங்களாம். அந்த ஊர்ப் பசங்க மெதுவா யோசிச்சுத்தான் பேசுவாங்களாம், நடுவுல நாம பேசினா அப்புறம் வாயே தொறக்க மாட்டாங்களாம். அடுத்த கேள்விய கேட்டா. நான் வாயத் தொறந்தேன். என்னங்க, இது உங்களுக்கான கேள்வி இல்லைன்னா. எல்லாம் அந்த சிஸ்டர் குடுக்கிற எடம். பத்து எண்ணுற நேரத்துல நான் ரெண்டு கஸ்டமர அனுப்பிடுவேன் சார்.

ஆங், கீரனூர் வந்துடுச்சு. எங்க எந்திரிக்கிறீங்க? டீயா? வேண்டாம் சார், இங்க டீ நல்லா இருக்காது, வண்டியும் நிக்காது, உங்கள விட்டுட்டுப் போயிடுவான். உக்காருங்க. திருச்சியில நானே நல்ல டீயா வாங்கித் தரேன். அட, உக்காருங்க சார், முக்கியமான எடத்துக்கே இப்பத்தான் வரேன். பாத்தீங்களா, எடுத்துட்டான். நான் சொல்லல?

அந்த ஊர்ல இவ தங்கப் போற வீட்டம்மா ஒருத்தி. ரோசாவுரான்னு பேரு. அவங்கதான் அந்த ஸ்கூலுக்கு ஹெட்மிஸ்ட்ரஸும். அவங்க முன்னாடியே வீடியோவுல பேசிப் பழகணும்னாங்க. நல்லதுதான், நானும் பேசினேன். காலையில என்ன சாப்பிடுவேன்னு இவளக் கேட்டாங்க, இட்லின்னேன். என்ன பிடிக்காதுன்னாங்க, பூராவும் சொன்னேன். அங்க முயலுக்கும் எலிக்கும் நடுவுல ஒண்ண வீட்டுலயே வளத்துச் சுட்டுத் திங்குறாங்களாம். சாப்பிடுவாளான்னு கேட்டாங்க. ஐயோ, தொடவே மாட்டான்னுட்டேன். போன வச்சதும் இவ கேக்குறா, நான் சாப்பிட்டுத்தான் பாத்திருப்பேனேன்னு. எப்படி இருக்கு பாருங்க. ஒரு நல்லது சொன்னா அதுக்கும் ஒரு குத்தம். அந்த ரோசாவுரா அம்மா கடைசியா சிஸ்டர்கிட்ட என்ன கேட்டாங்களாம்? அந்தப் பொண்ணு ஊமையான்னு கேட்டாங்களாம். என் பொண்டாட்டிய ஊமைன்னு சொல்லுது சார், எங்கேயோ கெடக்குற ஒரு அம்மா.

அதுக்கப்புறம்தான் சனிக்கிழமை. அவ தனியா பேசிக் காட்டினாத்தான் எடம், இல்லாட்டி வேற பொண்ணுக்குன்னு சொல்லிட்டாங்க. நானே கூட்டிட்டுப் போனேன். எனக்கு டீயெல்லாம் குடுத்தாங்க மரியாதையா. அப்புறம் ஆக்னஸ் சிஸ்டர் இவள உள்ள கூப்பிட்டு, என் மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்திட்டாங்க. வராந்தாவுல ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு மேல ஜன்னல், அது தொறந்துதான் கெடந்துச்சு. நான் ஒட்டுக் கேக்குற ஆளு இல்ல சார். ஆனா காதைக் கழட்டியா வைக்க முடியும்?

ரோசாவுரா அம்மா வீடியோவுல கேட்டாங்க, பசங்க பதில் சொல்லாம உக்காந்திருந்தா என்ன பண்ணுவேன்னு. உள்ள சத்தமே இல்ல. எனக்கு வேர்த்துக் கொட்டுது. பதில் என் நாக்கு நுனியில நிக்குது. மறுபடியும் கேக்குறேன், ஊக்கப்படுத்துறேன், பரிசு குடுக்குறேன், எவ்வளவு இருக்கு. ஜன்னல் வழியா சொல்லிடலாமான்னு எந்திரிச்சே நின்னுட்டேன். உள்ள யாராவது ஒரு ஆளு எடுத்துக் குடுக்க வேண்டாமா? எல்லாரும் சும்மா இருக்காங்க. கடைசியில இவ சொல்றா, காத்திருப்பேன்னு. ஒத்த வார்த்தை. அதுக்குப் போயி அந்தம்மா, நல்லது, நல்லதுங்குது.

அப்புறம் கேட்டாங்க, இவ்வளவு தூரம் எங்ககிட்ட எதுக்கு வர ஆசப்படுறேன்னு. அதுக்குச் சொன்னா பாருங்க பதில். ஒரு தடுமாற்றம் இல்ல, ஒரு தப்பு இல்ல. மத்த பதிலெல்லாம் திக்கித் திக்கி வந்துச்சு, இது மட்டும் மளமளன்னு வந்துச்சு. எத்தனை நாளா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாளோ. நான் அப்படியே தமிழ்ல சொல்றேன், கேளுங்க. “என் வீட்டுக்காரர் நல்லவர். நான் கேக்குறதுக்கு முன்னாடியே எல்லாம் செஞ்சு குடுத்துடுவார். நான் பேச ஆரம்பிச்சா, அவரே பேசி முடிச்சிடுவார். கல்யாணம் ஆனதுலேருந்து நான் ஒரு பேச்சையும் முழுசாப் பேசி முடிச்சதில்ல. அங்க வந்து ஒரு வகுப்பு முழுக்க நானே பேசிப் பாக்கணும்.” இதான் சார். இதக் கேட்டுட்டு சிஸ்டரும் அந்தம்மாவும் சிரிக்கிறாங்க. இவளும் சிரிக்கிறா. அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல.

எவ்வளவு அசிங்கம், பாருங்க. கடல் தாண்டி ஒரு ஊருக்கே தெரிஞ்சு போச்சு, புதுக்கோட்டையில ஒரு ஆளு பொண்டாட்டியப் பேச விட மாட்டான்னு. நான் எப்ப சார் பேச விடல? பேசேன், யாரு வேண்டாம்னா? அவ ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல விடுற நேரத்துல ஒரு டயரையே மாத்திடலாம். யாராவது அந்த எடத்த நிரப்பணுமா இல்லையா? உதவி பண்ணேன் சார். உதவிக்குப் பேரு இதா?

வெளியில வந்து, கிடைச்சிடுச்சுங்க, விசா வர வேண்டியதுதான் பாக்கின்னா. எனக்குக் கேட்டுச்சுன்னு நான் காட்டிக்கல. வர்ற வழியெல்லாம் நான் வாயே தொறக்கல. என்னங்க ஒடம்புக்குன்னு கேட்டா. ஒண்ணுமில்லன்னேன். அதோட சரி. ஒரு மனுஷன் இத்தனை நாள் பேசாம இருக்கானே, ஏன்னு தோண வேண்டாமா? நிம்மதியா இருக்கா சார். பாட்டு முணுமுணுத்துக்கிட்டுத் துணி மடிச்சுப் பெட்டியில வைக்கிறா. அந்த மெரூன் ஸ்வெட்டர எடுத்து வெளியில வச்சுட்டா. பச்சையில வேற ஒண்ணு அவளே வாங்கியிருக்கா. அதப் பாத்தப்பதான் முடிவு பண்ணேன். இவ போக வேண்டாம். அங்க போயி ரெண்டு மாசம் பேசிப் பழகிட்டு வந்தான்னா வீடு என்னத்துக்கு ஆவும்?

இருங்க, போன் அடிக்குது. அவதான். நூறு ஆயுசு.

ஹலோ. சொல்லு மங்கை. பஸ்ல இருக்கேன். ஆமா, திருச்சிக்குத்தான். தெரியும், நீ எதுக்குக் கூப்பிடுறேன்னு, அந்த போட்டோ காப்பி வேணும், அதானே? இல்லையா? சரி, வதனிக்கு... அதுவும் இல்லையா? என்னது, நான் பேசாம இருக்கணுமா? சரி. பேசல. நீ சொல்லு. நான் வாயே தொறக்கல, போதுமா?

பாருங்க சார், சொல்லுன்னுட்டேன், இப்ப சத்தமே காணோம். இதத்தான் சொன்னேன் உங்ககிட்ட. சரி, இன்னிக்கு நானும் விடுறதா இல்ல. ஸ்பானிஷ்லயே பத்து எண்ணுறேன் பாருங்க. உனோ. தோஸ். த்ரேஸ். குவாத்ரோ. சிங்கோ...

ம்.

ம்.

மங்கை, அது வந்து... சரி. ம்.

வச்சுட்டா.

இல்ல சார், நெட்வொர்க் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பேச வேண்டியத எல்லாம் பேசிட்டு வச்சுட்டா. விசா வந்துடுச்சாம். அப்புறம் சொல்றா, “அன்னிக்கு நீங்க ஜன்னலுக்குக் கீழ உக்காந்திருந்தீங்க, எனக்குத் தெரியும். ஜன்னலத் தொறந்து வச்சதே நான்தான். நீங்க கேக்கணும்னுதான் அப்படிச் சொன்னேன். தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சிருந்தா பாதியிலேயே நீங்க முடிச்சிருப்பீங்க. இப்ப எதுக்கு மதரப் பாக்க வர்றீங்கன்னும் தெரியும். வாங்க. வந்து என்ன வேணா பேசுங்க. நான் போறேங்க.” அவ்வளவுதான். ஒரு எடத்துல கூட நிறுத்தல சார்.

இத்தனை நாளா இதுக்குத்தான் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தாளா? நான் கேட்டுட்டேன்னு தெரிஞ்சும்? சரி, போறேன்னு சொல்லிட்டே. எதிராளி என்ன சொல்றான்னு கேக்க வேண்டாமா? நானும் ஒண்ணு சொல்ல வாயெடுத்தேன். மங்கை, அது வந்துன்னு ஆரம்பிச்சேன்ல, நீங்களே கேட்டீங்கள்ல? அத முடிக்க விட்டாளா? வச்சுட்டா. நான் பாதியில நிக்கிறேன். என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே இப்ப ஞாபகம் இல்ல. போயிட்டு வான்னு சொல்ல வந்தேனா, போகாதேன்னு சொல்ல வந்தேனா. எதுவா வேணா இருந்திருக்கலாம். அதக் கேக்கக்கூட ஆளு இல்ல. மதர்கிட்ட போயி இனிமே நான் என்னத்தக் கேக்கறது? கையெழுத்தத் திருப்பிக் குடுத்தாலும் அவ போயிடுவா சார். அந்தக் கொரல் எனக்குத் தெரியாத கொரல்.

அந்தா, ஏர்ப்போர்ட்டு காம்பவுண்டு வந்துடுச்சு. இங்கேருந்துதான் ஏறப் போறா.

என்ன சார், எந்திரிச்சு நிக்கிறீங்க? ஸ்டாண்டு இன்னும் வரல, அதுக்குள்ள என்ன அவசரம்? பாத்ரூமா? இல்லையா? பின்ன என்ன, சொல்லுங்க. என்னது? கீரனூரா? கீரனூர்லயா எறங்கணும்? பத்திரம் பதியவா? கையில இருக்கிற பைலு அதுதானா? உங்க அண்ணன் தம்பியெல்லாம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நிக்கிறாங்களா? அட என்ன சார் நீங்க. ஏறினதுலேருந்து பக்கத்துலயேதானே உக்காந்திருக்கேன். படிச்ச ஆளா இருக்கீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா சார்?